சில்வர் ஐலெட்: ஏரிக்குள் ஒரு வெள்ளிச் சுரங்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு பாறையில் 1868இல் வெள்ளி கிடைத்தது. 1884 வரை அதைத் தோண்டினார்கள். அந்தச் சுரங்கத்தைப் பற்றியும் அதன் பாறைகளைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நிலவியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இந்த இடம் சரியாக எங்கே இருக்கிறது?

தண்டர் பே நகருக்குக் கிழக்கே, சுப்பீரியர் ஏரிக்குள் சிப்லி என்ற தீபகற்பம் நீண்டு கிடக்கிறது. அதன் தென்முனைக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் அந்தப் பாறை. பெயர் சில்வர் ஐலெட், அதாவது வெள்ளிக் குட்டித்தீவு. கரையில் இருக்கும் சிற்றூருக்கும் அதே பெயர்தான். அதனால் "சில்வர் ஐலெட் போனோம்" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் ஊரைத்தான் சொல்கிறார்கள். டொரொன்டோவிலிருந்து தண்டர் பேக்கே சாலை வழியாக 1,400 கிலோமீட்டர் வரும். ஒன்டாரியோ என்பது எவ்வளவு பெரிய மாகாணம் என்று டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் உட்கார்ந்திருந்தால் தெரியாது.

தீவு என்கிறீர்கள், பாறை என்கிறீர்கள். எவ்வளவு பெரியது?

தீவு என்பது மரியாதைக்குச் சொல்வது. தண்ணீருக்கு மேலே சுமார் எட்டு அடி உயரம் தலைகாட்டிய வழுக்குப் பாறை, அவ்வளவுதான். ஆரம்பத்தில் அதை மண்டையோட்டுப் பாறை என்று பொருள்படும் பெயரில்தான் அழைத்தார்கள். பெரிய அலை வந்தால் முழுதும் நனைந்துவிடும். சுரங்கம் நடந்த காலத்தில் மரமும் கல்லும் கொட்டிக் கொட்டி அதைப் பத்து மடங்குக்கு மேல் பெரிதாக்கினார்கள். பழைய படங்களில் கட்டடங்களும் புகைபோக்கியுமாகத் தெரியும் "தீவில்" பெரும்பகுதி மனிதன் கட்டியது.

யார் கண்டுபிடித்தார்கள்?

மாண்ட்ரியல் மைனிங் கம்பெனி என்ற நிறுவனம் 1840களிலேயே தாமிர ஆசையில் அந்தக் கரையோரமாகப் பெரிய பெரிய நிலத்துண்டுகளை வாங்கிப் போட்டிருந்தது. தாமிரம் பெரிதாக ஒன்றும் தேறவில்லை, நிலம் சும்மா கிடந்தது. கனடா கூட்டாட்சி அமைந்ததும் இப்படிச் சும்மா கிடந்த நிலங்களுக்கு ஒன்டாரியோ அரசு வரி போட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்த்து வரச்சொல்லி தாமஸ் மக்ஃபர்லேன் என்ற நிலவியலாளரை 1868இல் அனுப்பினார்கள்.

அவருடைய ஆட்கள் நில அளவைக்கு அடையாளக் கம்பு நடுவதற்காக அந்தப் பாறைக்குப் படகில் போனார்கள். முதலில் கண்ணில் பட்டது கலீனா என்னும் ஈயத் தாது ஓடிய ஒரு வெள்ளைப் பட்டை. பிறகு தண்ணீர் ஓரத்தில் பார்த்தால் வெள்ளிக் கட்டிகளே இருந்தன. தாது கூட இல்லை, வெள்ளியே. அந்தப் பட்டை அப்படியே தண்ணீருக்கு அடியிலும் தொடர்வது தெரிந்தது. நீரில் நின்றபடி கடப்பாரையால் நெம்பி எடுத்ததுதான் முதல் சரக்கு.

அந்தப் பாறையில் மட்டும் வெள்ளி எப்படி வந்தது?

இதற்கு மூன்று விஷயங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அடியில் இருக்கும் பாறை. சுமார் 180 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறு இறுகி, அடுக்கடுக்கான கறுப்புக் களிப்பாறையாக ஆனது. நிலவியலாளர்கள் இதை ரோவ் படிவம் என்பார்கள். கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் கரிமம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாவது, டைக். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் நடுவில் பிளக்கப் பார்த்தது. பிளவு முழுமையடையவில்லை, பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பிளவின் பள்ளத்தில்தான் இன்றைய சுப்பீரியர் ஏரி கிடக்கிறது. அப்போது கீழேயிருந்து எரிகுழம்பு விரிசல்கள் வழியாக ஏறி, களிப்பாறையைக் கிழித்துக்கொண்டு செங்குத்தான சுவர்போல உறைந்தது. அப்படி உறைந்த சுவர்தான் டைக். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் "கறுப்பு கிரானைட்" என்று வெட்டி ஏற்றுமதி செய்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் கிரானைட் இல்லை, இதே மாதிரி டைக்கில் உறைந்த டோலரைட் என்ற எரிகுழம்புப் பாறைதான். சில்வர் ஐலெட்டில் அந்தச் சுவர் ஏறக்குறைய வடகிழக்காக ஓடுகிறது. 200 அடிக்கும் மேல் அகலம்.

மூன்றாவது, நாளம், அதாவது கனிமம் நிரம்பிய விரிசல். பிறகு ஒரு பிளவு இந்தச் சுவரைக் குறுக்காக, வடமேற்குத் திசையில் வெட்டியது. வெட்டியதோடு நிற்காமல், சுவரின் ஒரு பாதியைப் பக்கவாட்டில் நகர்த்தியும்விட்டது. திறந்த விரிசலுக்குள் ஆழத்திலிருந்து சூடான உப்புநீர் ஏறி வந்தது. அந்த நீரில் கரைந்திருந்தவை மெதுவாக விரிசலின் இருபக்கச் சுவரிலும் படிந்து அதை அடைத்தன. கால்சைட், டோலமைட், குவார்ட்ஸ், அவற்றுக்கு நடுவே வெள்ளி. பாறையின் வடக்கு ஓரத்தில் நாளம் சுமார் 20 அடி அகலம் இருந்தது, அப்புறம் இரண்டு கிளையாகப் பிரிந்தது.

டைக்கும் நாளமும் குறுக்கிடும் அந்த ஒரே இடம்தான் ஏரிக்கு மேலே தலைகாட்டியது. டைக் களிப்பாறையைவிடக் கடினம், அதனால் சுற்றியிருந்ததெல்லாம் அரிக்கப்பட்டபோது அது நின்றது. களிப்பாறையைப் போல அதுவும் கரைந்திருந்தால், நாளம் முழுவதும் தண்ணீருக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கும்.

நாளம் நீளமாகப் போகிறதே, எல்லா இடத்திலும் வெள்ளி இருக்க வேண்டாமா?

இருந்திருக்க வேண்டும் என்றுதான் முதலீடு போட்டவர்களும் நினைத்தார்கள். நாளம் கரைப்பக்கமும் போகிறது. அங்கே அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். கால்சைட் இருந்தது, கொஞ்சம் கலீனா இருந்தது, வெள்ளி இல்லை. டைக்குக்குள் இருக்கும் வரை பணக்கார நாளம், களிப்பாறைக்குள் நுழைந்ததும் வெறும் வெள்ளைக் கல்.

இதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று இயந்திரவியல்: கடினமான பாறை உடைந்தால் பிளவு திறந்தே நிற்கும், மென்மையான களிப்பாறையில் பிளவு நசுங்கி மூடிக்கொள்ளும். நீர் ஓட இடம் வேண்டுமே. இன்னொன்று வேதியியல்: டைக்கில் நாளத்தை ஒட்டிய பகுதிகளில் கிராஃபைட் நிறைய இருந்தது, அதாவது கரிமம். கரைசலில் வரும் வெள்ளியை உலோகமாக இறக்கிவிட கரிமப் பொருட்கள் உதவும். கிராஃபைட் தென்பட்டால் வெள்ளி பக்கத்தில் இருக்கிறது என்று சுரங்கத்தில் வேலை செய்தவர்களே நம்பினார்கள்.

டைக்குக்குள்ளும் எல்லா ஆழத்திலும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு பெரிய குவியல்கள், நடுவில் ஏழ்மை. இந்தச் சுரங்கத்தின் வரலாற்றை முழுக்க முழுக்க இந்த இரண்டு குவியல்களே தீர்மானித்தன என்பது என் கருத்து. ஆட்கள், புயல், கப்பல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தாது பார்க்க எப்படி இருக்கும்?

வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு நிறக் கால்சைட்டுக்குள் இலை போலவும் கம்பி போலவும் கிளைவிட்ட வெள்ளி. மேற்பரப்பு கறுத்துப்போயிருக்கும், நம் வீட்டு வெள்ளிக் கொலுசு கறுப்பதற்கும் காரணம் அதே கந்தகம்தான். கல்லைச் சுத்தியலால் அடித்தால் கால்சைட் நொறுங்கும், ஆனால் துண்டுகள் விழாது. உள்ளே ஓடும் வெள்ளிப் பின்னல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கும். தாதுவை உடைக்கிற இயந்திரத்துக்கு இது பெரிய தலைவலி, ஏனென்றால் வெள்ளி உடையாது, தட்டையாகும்.

கூடவே ஆர்ஜென்டைட் என்ற வெள்ளி சல்ஃபைடு, ஈயம், துத்தநாகம், அப்புறம் நிக்கல், கோபால்ட், ஆர்சனிக் சேர்ந்த கனிமங்கள்.

ஏரி நடுவில் எப்படித் தோண்டினார்கள்?

மாண்ட்ரியல் கம்பெனியால் முடியவில்லை. சுப்பீரியர் ஏரி என்பது பெயருக்குத்தான் ஏரி. 82,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். அந்தப் பாறை தென்கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது, காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் தடுக்க எதுவும் இல்லை. வாரக்கணக்கில் காத்திருந்து சில நாள் மட்டும் வேலை செய்ய முடிந்தது. செலவைப் பார்த்து மிரண்டு, 1870இல் அலெக்சாண்டர் சிப்லி தலைமையிலான அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு 2,25,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். வெள்ளியைக் கண்ணால் பார்த்துவிட்டு விற்ற இயக்குநர்களைப் பிறகு எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனால் அந்த அலையைப் பார்த்தவர்கள் அப்படிக் கேலி செய்வார்களா தெரியாது.

புதியவர்கள் அனுப்பிய ஆள் வில்லியம் பெல் ஃப்ரூ. மிச்சிகன் தாமிரச் சுரங்கங்களில் பழகியவர். 1870 இலையுதிர்காலத் தொடக்கத்தில் முப்பது பேர் சொச்சம் ஆட்கள், குதிரைகள், இயந்திரங்களுடன் வந்து இறங்கினார். வந்ததும் முதல் வேலை வெள்ளி எடுப்பது இல்லை, சுவர் கட்டுவது. பருத்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பெட்டி போலப் பிணைப்பார்கள். அதை மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போய், சரியான இடத்தில் உள்ளே கல்லைக் கொட்டி மூழ்கடிப்பார்கள். அப்படிப் பெட்டி பெட்டியாக பாறையைச் சுற்றி அலைத்தடுப்பு. அதற்கு உள்ளே, நாளம் இருக்கும் இடத்தை மட்டும் வளைத்து இன்னொரு தடுப்பணை. களிமண் வைத்து ஓட்டையை அடைத்து, பம்ப் வைத்து உள்ளிருக்கும் தண்ணீரை இறைத்தால் ஏரியின் தரை வெளியே வரும். அங்கே தோண்ட வேண்டியதுதான்.

அக்டோபரிலேயே புயல் வந்து தடுப்பில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது, மறுபடி கட்டினார்கள். குளிர்காலத்தில் மறுபடி வந்தது, மறுபடி கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் முன்பைவிட அகலமாக, கனமாக. இவ்வளவு அவதிக்கு நடுவிலும் அந்த முதல் சில வாரங்களிலேயே சுமார் ஒரு லட்சம் டாலர் பெறுமான தாதுவைக் கப்பலில் ஏற்றிவிட்டார் ஃப்ரூ. வாங்கிய விலையில் கிட்டத்தட்டப் பாதி.

அதன் பிறகு சுரங்கம் கீழே போனது. கடைசியில் சுமார் 1,200 அடி. ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 183 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, ஆக சுரங்கத்தின் அடி கடல் மட்டத்துக்கும் 150 மீட்டருக்கு மேல் கீழே. நீராவி பம்ப் ஒரு நாள் நின்றாலும் ஆபத்து.

வேலை செய்தவர்கள் யார்?

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தவர்கள் முக்கியம். தலைமுறை தலைமுறையாகத் தகரமும் தாமிரமும் தோண்டியவர்கள், அதிலும் கடலுக்கு அடியில் சுரங்கம் ஓட்டிப் பழகியவர்கள். நார்வேக்காரர்களும் இருந்தார்கள். பாறையிலேயே சிலர் தங்க விடுதிகள், குடும்பங்களுக்குக் கரையில் மரவீடுகள், கடை, தேவாலயம் என்று ஒரு ஊரே உருவானது. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் கப்பல் கிடையாது. அடுத்த வசந்தம் வரை தேவைப்படும் மாவும் இறைச்சியும் நிலக்கரியும் முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ஃப்ரூ வானர் என்று ஒன்றைச் சொல்கிறார்களே?

சுரங்கத்தைவிட அதிக நாள் வாழ்ந்தது அந்தக் கருவி. நல்ல தாதுவை அப்படியே கப்பலில் ஏற்றி மிச்சிகனில் இருந்த வையண்டாட் உருக்காலைக்கு அனுப்பிவிடலாம். ஆனால் வெள்ளி குறைவாகக் கலந்த கல் மலைபோல் குவிந்தது. அதை அனுப்பினால் கப்பல் கூலிக்கே கட்டாது. அதனால் கரையில் இடிப்பாலை ஒன்றைக் கட்டி கல்லைப் பொடியாக்கினார்கள். பொடியிலிருந்து வெள்ளியைப் பிரிக்க ஃப்ரூ செய்ததுதான் வானர்.

லேசான சரிவில் ஓடும் அகலமான ரப்பர் பட்டை. அது மெதுவாக மேல்நோக்கி நகரும், அதே நேரத்தில் பக்கவாட்டில் வேகமாக ஆடும். மேலிருந்து தண்ணீர் மெல்லிய படலமாக வழியும். ஆட்டத்தில் கனமான துகள்கள் பட்டையோடு ஒட்டி மேலே ஏறும், லேசான கல்பொடி தண்ணீரோடு கீழே போய்விடும். முறத்தில் அரிசி புடைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். 1870களில் உருவான இந்தக் கருவி பிறகு உலகத்தின் பல சுரங்கங்களுக்குப் போனது.

சுரங்கத்துக்குள் தீப்பிடித்தது என்பது உண்மையா?

உண்மை. ஆழத்தில் பாறையில் இருந்த பொந்துகளைத் துளைத்தபோது உப்புத் தண்ணீரும் எரிவாயுவும் சேர்ந்து பீறிட்டன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேலை செய்கிற இடம், கேட்கவா வேண்டும்? குழாய் வைத்து அந்த வாயுவைக் கொளுத்தியும் பார்த்தார்கள். உலோகச் சுரங்கத்தில் எரிவாயு வருவது அபூர்வம். கறுப்புக் களிப்பாறையின் கரிமத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா, வாயுவுக்கும் மூலம் அதுதான் என்று கருதுகிறார்கள்.

மொத்தம் எவ்வளவு வெள்ளி?

அன்றைய மதிப்பில் சுமார் 32.5 லட்சம் டாலர். முதல் குவியல் 1870களின் நடுப்பகுதிக்குள் தீர்ந்துபோனது. ஃப்ரூவும் 1875இல் போய்விட்டார். சுரங்கம் கடனில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது 1878இல் இரண்டாவது குவியல் கிடைத்து இன்னும் சில ஆண்டுகள் ஓடியது. மூன்றாவதாக ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் கடைசி நூற்றுக்கணக்கான அடிகளைத் தோண்டினார்கள். கிடைக்கவில்லை.

நிலக்கரிக் கப்பல் வராததால்தான் மூடினார்களாமே?

எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை இது. 1883 கடைசியில் வர வேண்டிய நிலக்கரிக் கப்பல் பனி உறைவதற்குள் வந்து சேரவில்லை. இருந்த நிலக்கரி தீர்ந்தது, 1884 தொடக்கத்தில் பம்ப் நின்றது, ஏரி உள்ளே வந்தது. இதுவரை நடந்தது நடந்ததுதான். கப்பல் தலைவர் குடித்துவிட்டுக் கிடந்தார் என்று மசாலாவும் சேர்ப்பார்கள், அதை நான் சேர்க்கவில்லை.

ஆனால் கப்பல் வந்திருந்தால் சுரங்கம் பிழைத்திருக்குமா? நல்ல தாது தீர்ந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மனியும் அமெரிக்காவும் 1870களில் தங்க நாணய முறைக்கு மாறியதில் வெள்ளி விலையும் இறங்கியிருந்தது. 1870களின் தொடக்கத்தில் அவுன்சுக்கு 1.30 டாலர் சுற்றி இருந்தது, 1884இல் 1.11 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. தண்ணீர் நிரம்பியதும் யாரும் உடனே இறைக்க ஓடி வரவில்லை என்பதே பதில். கப்பல் வந்திருந்தால் இன்னொரு குளிர்காலம் நஷ்டத்தில் ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த நிலத்தின் பூர்வகுடிகளுக்கு இதில் என்ன கிடைத்தது?

அந்தக் கரை ஒஜிப்வே மக்களின் நிலம். அவர்களைக் கேட்காமலே சுரங்க நிலங்களை விற்கத் தொடங்கியதில் 1849இல் மோதல் வெடித்தது, அதன் தொடர்ச்சியாக 1850இல் ராபின்சன்–சுப்பீரியர் ஒப்பந்தம். நிலத்திலிருந்து வரும் வருமானம் கூடினால் மக்களுக்குத் தரும் ஆண்டுத் தொகையும் கூடும் என்று அதில் வாக்குறுதி இருந்தது. 1875இல், சில்வர் ஐலெட் வெள்ளி கொட்டிய காலத்திலேயே, அந்தத் தொகை தலைக்கு ஆண்டுக்கு 4 டாலர் என்று ஆனது. அதன் பிறகு உயரவே இல்லை. 2024 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம் இந்த ஒப்பந்தத்தை அரசு கண்ணியமில்லாமல் மீறியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது.

தீபகற்பத்தின் மலை, படுத்திருக்கும் ஒரு பேருருவம் போலத் தெரியும். வெள்ளி இருக்கும் ரகசியம் வெள்ளையருக்குத் தெரிந்துவிட்டதால் ஒஜிப்வே கதைகளின் நாயகன் நானபிஜு கல்லாகிவிட்டார் என்பது பயணிகளுக்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் கதை. பேருந்து வழிகாட்டிகளின் வாயில் அது அழகான கதை. 4 டாலர் பற்றி அவர்கள் சொல்வதில்லை.

மக்ஃபர்லனைட், ஹன்டிலைட், அனிமிகைட் – இவை என்ன கனிமங்கள்?

சுரங்கம் நடந்த காலத்தில் சில்வர் ஐலெட் தாதுவிலிருந்து பெயரிடப்பட்டவை. பிறகு ஆராய்ந்ததில் மூன்றுமே தனிக் கனிமங்கள் இல்லை, கலவைகள் என்று தெரிந்து பட்டியலிலிருந்து போய்விட்டன. பழைய அருங்காட்சியகச் சீட்டுகளில் பெயர் இன்னும் பார்க்கலாம்.

இதுபோல் வேறு இடங்களில் உண்டா?

வெள்ளி, கோபால்ட், நிக்கல், ஆர்சனிக், பிஸ்மத் சேர்ந்து வரும் நாளங்கள் ஒரு தனிக் குடும்பம். நார்வேயின் கோங்ஸ்பெர்க், செக் நாட்டின் யாகிமோவ், ஒன்டாரியோவிலேயே 1903இல் கண்டுபிடிக்கப்பட்ட கோபால்ட் நகரம். உற்பத்தியில் கோபால்ட் நகரத்தின் பக்கத்தில் சில்வர் ஐலெட் நிற்கவே முடியாது.

இப்போது போய்ப் பார்க்கலாமா?

கரைக்குப் போகலாம். 11/17 நெடுஞ்சாலையிலிருந்து 587ஆம் சாலையில் திரும்பி, அது முடியும் வரை போனால் ஊர். வழியில் பெரும்பகுதி ஸ்லீப்பிங் ஜயன்ட் மாகாணப் பூங்கா. சுரங்கத் தொழிலாளர் வீடுகள் இப்போது கோடைக்கால வீடுகள், தனியார் சொத்து, எட்டிப் பார்க்காதீர்கள். பாறைக்குப் படகில்தான் போக வேண்டும். தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் மூழ்கிக் கிடக்கும் சுரங்கவாயும் பழைய மரக்கட்டைகளும் படகிலிருந்தே தெரியும்.

படகு கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். பூங்காவுக்குள் "சீ லயன்" என்ற இடத்துக்கு நடந்து போங்கள். ஏரிக்குள் நீளும் ஒரு கறுப்புக் கல்சுவரும் அதில் அலை குடைந்த வளைவும் இருக்கும். அதுவும் ஒரு டைக். சுற்றியிருந்த களிப்பாறையை ஏரி தின்றுவிட்டது, சுவர் நிற்கிறது. மேலே சொன்னதில் பாதியை அங்கே கையால் தொட்டே புரிந்துகொள்ளலாம்.

ஒரு சின்னக் கல் எடுத்து வரலாமா?

பூங்காவுக்குள் கூடாது, சட்டப்படி தடை. சில்வர் ஐலெட் தாது வேண்டும் என்றால் கனிமச் சேகரிப்பாளர்கள் விற்பது உண்டு, ஆனால் பழைய சேகரிப்புச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். கோபால்ட் நகரத்துக் கல்லுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம்.